சூப்பர்ஹீரோ முன்கதை: சிலந்தி கடித்ததெல்லாம் பெரிய விஷயமில்லை

சூப்பர்ஹீரோ கதை எழுத உட்காருகிற பலர் விபத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆய்வகம் வெடிக்கும், மின்னல் தாக்கும், விண்கல் விழும். அப்புறம் அந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது என்று பத்துப் பக்கம் ஓடும். எழுத ஜாலியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சக்தி எப்படி வந்தது என்பதைச் சொல்லி முடித்ததும் முன்கதையும் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

1962-இல் ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேனின் முதல் கதை மொத்தமே 11 பக்கம்தான். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடிப்பதெல்லாம் அதில் சட்டென்று முடிந்துவிடும். கதையின் உயிர் ஒரு டிவி நிலையத்தின் தாழ்வாரத்தில் இருக்கிறது. சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற பையன் பீட்டர் பார்க்கர் நிகழ்ச்சியை முடித்துவிட்டு முகமூடியோடு நிற்கிறான். ஒரு திருடன் ஓடி வருகிறான், பின்னாலேயே போலீஸ்காரர் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு வருகிறார். பீட்டர் அசையவில்லை. திருடன் லிஃப்டுக்குள் புகுந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. காலை நீட்டி இடறிவிட்டிருந்தாலே போதுமே என்று போலீஸ்காரர் எகிறுகிறார். அது உங்கள் வேலை, இனிமேல் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்கிற தோரணையில் பதில் சொல்லிவிட்டுப் போகிறான் பையன். பிறகு பீட்டரை வளர்த்த அங்கிள் பென்னைச் சுட்டுக் கொல்வது அதே திருடன்தான்.

காலை நீட்ட எந்தச் சக்தியும் வேண்டாம், நீங்களும் நானும்கூடச் செய்திருக்கலாம். அதனால்தான் அந்தத் தப்பு இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் உறுத்துகிறது. இதைப் பார்த்து எழுதுகிறவர்கள் தப்பைப் பெரிதாக்கினால் குற்ற உணர்ச்சியும் பெரிதாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். நாயகன் கை தவறி ஒரு நகரமே அழிந்தது என்பார்கள். நகரம் அழிந்தால் நமக்கு மலைப்புதான் வரும். அந்த மூடிய லிஃப்ட் கதவு மாதிரி அது நெஞ்சில் தைக்காது.

அடுத்த தவறு இன்னும் பரவலானது: நாயகனுக்குச் சாக்கு தேடிக் கொடுப்பது. தான் படைத்த பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்த எழுதுகிறவருக்கு மனசு வராது. 'அவனுக்கு அப்போது தெரியாது', 'அவனை ஏமாற்றிவிட்டார்கள்' என்று ஏதாவது சேர்ப்பார். இதில் 2002-இல் வந்த ஸ்பைடர்மேன் படம் கொஞ்சம் சாமர்த்தியமானது. அதில் மல்யுத்தம் நடத்துகிற ஆள் 3,000 டாலர் என்று ஆசை காட்டிவிட்டு 100 டாலரைக் கையில் திணிக்கிறான். திருடன் கொள்ளையடிப்பது அவனிடம்தான். பீட்டர் வழிவிடும்போது 'நல்லா வேணும்' என்று நாமும் உள்ளுக்குள் சிரித்துவிடுகிறோம். அப்புறம் பென் சாகும்போது அந்தச் சிரிப்பு நமக்கே கசக்கிறது. சாக்கு இருக்கிறது, ஆனால் அது போதவில்லை. 2007-இல் வந்த மூன்றாவது படமோ, பென்னைச் சுட்டது அந்தத் திருடனே இல்லை, வேறொருவன் என்று சொன்னது. என் கணிப்பில், தாழ்வாரக் காட்சியின் பாரத்தில் பாதியை அந்த ஒரு திருத்தம் இறக்கி வைத்துவிட்டது.

துக்கத்தையும் குற்ற உணர்ச்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் உண்டு. 1939-இல் சொல்லப்பட்ட பேட்மேனின் முன்கதையில் பெற்றோர் தெருவில் சுடப்படுகிறார்கள், சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவனை ஓட்டுவது இழப்பும் சபதமும்தான். அது வேறு வகைக் கதை, அதற்கென்று தனி வலு உண்டு. நீங்கள் எழுதுவது எந்த வகை என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். நாயகன் எடுத்த முடிவை மட்டும் கதையிலிருந்து உருவிப் பாருங்கள். சாவு அப்போதும் நடக்கிறது என்றால் அது துக்கக் கதை. அதில் போய் அவனைப் பக்கம் பக்கமாக 'எல்லாம் என்னால்தான்' என்று புலம்பவிட்டால் படிக்கிறவர் நம்ப மாட்டார்.

பொன்மொழி விஷயத்துக்கு வருவோம். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்பது அங்கிள் பென் சொன்னது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1962 கதையில் அவர் அதைச் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில், பீட்டர் தனியாக நடந்து போகும்போது, கதை சொல்பவரின் குரலாக அது வருகிறது. அதாவது எல்லாம் முடிந்த பிறகு. நம் ஆட்களோ இரண்டாம் பக்கத்திலேயே ஒரு பெரியவரை உட்காரவைத்து உபதேசம் பண்ண வைத்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், கேட்கிற மனநிலையில் நாயகன் இருக்கக் கூடாது. 2002 படத்தில் பென் காருக்குள் வைத்து இதைச் சொல்ல, நீங்கள் என் அப்பா மாதிரி நடிக்காதீர்கள் என்று பீட்டர் சீறிவிட்டு இறங்குகிறான். வசனம் அங்கே எடுபடுவதே அந்தச் சீற்றத்தால்தான்.

சாகப் போகிறவரை வெறும் நல்லவராக மட்டும் வைப்பதும் சலிப்பு. அவருக்கு ஒரு கெட்ட ஜோக்காவது கொடுங்கள்.

பழிவாங்கியதும் கணக்கு தீர்ந்தது என்று முடிப்பதும் அதே ரகம்தான். பீட்டர் கொலைகாரனைக் கிடங்கில் மடக்கி, அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுடைய குற்ற உணர்ச்சியே ஆரம்பிக்கிறது. ஆளைக் கொல்லாமல் போலீஸிடம் விடுகிறான். வில்லன் பிடிபட்டுவிட்டான், ஆனால் நிம்மதி வரவில்லை.

கடைசியாக, பொறுப்பு. பலர் எழுதும் கதைகளில் பொறுப்பு என்றால் கட்டட உச்சியில் நின்று ஊரைப் பார்ப்பது. அதற்கு நாயகன் எதைக் கொடுத்தான் என்று கேட்டால் பதில் இருக்காது. 1963-இல் ஸ்பைடர்மேனுக்கென்று தனி இதழ் வந்தபோது அதன் முதல் கதையைப் பாருங்கள். பென் போய்விட்டார், அவர் மனைவி மே ஆன்ட்டியிடம் வாடகை கொடுக்கப் பணமில்லை. பீட்டர் முகமூடி போட்டு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறான், செக்கும் கிடைக்கிறது. ஆனால் செக்கில் ஸ்பைடர்மேன் என்றுதான் பெயர் எழுதியிருக்கிறது. வங்கியில் கொண்டு போய் நீட்டினால், நீங்கள்தான் ஸ்பைடர்மேன் என்பதற்கு அடையாளச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். முகமூடியைக் கழற்ற முடியாது. செக்கை மாற்றாமலே வெளியே வருகிறான்.