செடிகள் கப்பலேறிய வரலாறு: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பர் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் வரியிலேயே ஒரு திருடன் வந்துவிடுகிறான். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், பிரேசில் அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி 70,000 ரப்பர் விதைகளைக் கடத்திக்கொண்டு போனார் என்பது கதை. வெப்பமண்டலச் செடிகளின் வணிகத்தைப் படிப்பவர்கள் முதலில் கைவிட வேண்டியது இதைத்தான். ரப்பர் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்குப் பிரேசிலில் சட்டமே கிடையாது. பெலெம் துறைமுகத்தில், லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போகும் தாவரப் பொருள் என்று சொல்லித்தான் விதைகள் கப்பலேறின. ஆபத்து, சாகசம் எல்லாம் பின்னாளில் விக்காமே பெரிதுபடுத்திச் சொன்னவை.

சட்டம் இல்லாததால் அது நியாயம் என்று ஆகிவிடாது. ஆனால் திருட்டுக் கதை ஒரு பெரிய கெடுதல் செய்கிறது: வேலை செய்தவர்களை மறைத்துவிடுகிறது. ரப்பர் விதையில் எண்ணெய் அதிகம், சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் போய்விடும். 1873-இல் லண்டன் வந்த சுமார் 2,000 விதைகளில் முளைத்தவை 12 மட்டுமே. மூன்று வருடம் கழித்து, பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் விதை பொறுக்கியவர்கள் அந்தப் பகுதி மக்கள். காற்றுப் போகும்படி இடைவெளி விட்டுக் கூடை முடைந்தவர்கள் அவ்வூர்ப் பெண்கள். உலர்த்திய விதைகளை நடுநடுவே காட்டு வாழைச் சருகு வைத்து அடுக்கினார்கள். அந்தச் சருகும் கூடையும் இல்லையென்றால் விக்காமின் பெயரை இன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியும் கியூவில் முளைத்தவை சுமார் 2,700. நூற்றுக்கு நான்குகூட இல்லை. 70,000 என்ற எண் எல்லாக் கட்டுரையிலும் வரும், இந்த எண் அபூர்வமாகத்தான் வரும். எத்தனை அனுப்பினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு எத்தனை பிழைத்தன என்று பார்க்காமல் போவது, இந்தத் துறையில் மிகச் சுலபமாக நேரும் பிழை.

சரி, பிழைத்தவை எப்படிப் பிழைத்தன? இங்கே 'வார்டு பெட்டி' வரும், செடி வைத்து மூடிய கண்ணாடிப் பெட்டி அது. லண்டன் மருத்துவர் நதானியல் வார்டு, ஒரு பூச்சிக் கூட்டை ஈரமண்ணில் புதைத்துப் புட்டியை மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, மண்ணிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெரணியும் புல்லும். பகலில் ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கியது. தண்ணீர் ஊற்றாமலே நான்கு வருடத்துக்கு நெருக்கமாக அவை வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்த பிறகுதான் செத்தன. 1833-இல் இதே முறையில் செய்த இரண்டு பெட்டிகள் செடிகளோடு சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. 1876-இல் இலங்கைக்குப் போன 1,919 ரப்பர் கன்றுகளும் 38 வார்டு பெட்டிகளில்தான் பயணம் செய்தன.

அதற்காக எல்லாவற்றையும் பெட்டியே சாதித்தது என்று எழுதுவதும் தவறு. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. ஆங்கில அரசுக்காக கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா கன்றுகளும் இதே பெட்டிகளில்தான் வந்தன. செங்கடல் வெயிலில் வாடி, ஊட்டிக்கு வந்தும் தேறவில்லை. நீலகிரியில் வேர்பிடித்தது, தாவர ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப்பட்டை இனம்.

சிங்கோனா என்றால் ஒரே மரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி. சிவப்புப்பட்டையில் கொய்னா குறைவு. கொய்னா மிகுந்த பொலிவிய இனத்தின் விதையைத் தேடிச் சேகரித்தவர் மானுவல் இன்க்ரா மாமானி என்ற அய்மாரா இனத்தவர். அவர் கொடுத்த விதையை ஆங்கில வணிகர் சார்லஸ் லெட்ஜர் லண்டனுக்கு அனுப்பினார். 1865-இல் ஆங்கில அரசு வேண்டாம் என்றது, டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். உலகக் கொய்னாச் சந்தை பிறகு ஜாவாவின் கைக்குப் போனது. விதை கொடுத்ததற்காக மாமானி சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார். மரத்துக்கு வைத்த பெயர் லெட்ஜருடையது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதை வைத்து நீலகிரி முயற்சி வீண் என்று முடிவுகட்டுவதும் அவசரம். 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நடந்த சோதனைகளில், கொய்னா தவிரப் பட்டையிலுள்ள மற்ற மூன்று காரப்பொருள்களும் (ஆல்கலாய்டுகள்) மலேரியாவுக்குக் கேட்கின்றன என்று தெரிந்தது.

கடைசியாக ஒன்று. செடி துறைமுகத்தில் இறங்கியதும் கதையை நிறுத்திவிடுகிறார்கள், அதற்கப்புறம்தான் மனிதர்களின் கதை ஆரம்பிக்கிறது. இலங்கை மலைகளில் காடழித்துக் காப்பி மட்டுமே நட்டார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தெரிந்தது. ஒரே பயிர் தொடர்ச்சியாக நின்ற மலைகளில் அந்தப் பூஞ்சைக்குத் தடையே இல்லை. இருபது வருடத்தில் காப்பி போய், தேயிலை வந்தது. இதைப் பயிர் மாற்றம் என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். காப்பிக் காலத்தில் ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துத் தமிழர்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறினார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் போக, பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு அப்படிப் பருவம் கிடையாது. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும், வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயன் அறைகள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளிலேயே தங்கின.