‘நான் நினைச்ச மிருகம் எது?’ விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

"ஒரு மிருகத்தை நினைச்சிருக்கேன், கண்டுபிடி" என்றதும் ஐந்து வயதுக் குழந்தை "சிங்கமா? புலியா? யானையா?" என்று அடுக்கும். பத்து வயதுப் பிள்ளை "பால் கொடுக்குமா?" என்று கேட்கும், ஒரே கேள்வியில் ஏகப்பட்ட விலங்குகள் கழிந்துவிடும். 1966-ல் மோஷர், ஹார்ன்ஸ்பி என்ற இரு ஆய்வாளர்கள் 42 படங்களைப் பரப்பி 6, 8, 11 வயதுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிட்டபோதும் இதுதான் தெரிந்தது. ஆறு வயதினர் பெரும்பாலும் ஒவ்வொரு படமாக ஊகித்தார்கள். பதினொரு வயதினர் வகை பிரித்துக் கேட்டார்கள். இந்த விளையாட்டில் மூளைக்கு வேலை கொடுப்பது விடையைவிடக் கேள்விதான்.

அதனால் பெரிய தவறு, "யார் முதலில் கண்டுபிடிச்சது?" என்று மட்டும் பார்ப்பது. குருட்டாம்போக்கில் "மானா?" என்று கேட்டு வென்ற குழந்தைக்குக் கைதட்டினால், அடுத்த முறையும் அது பெயரைத்தான் சொல்லிப் பார்க்கும். பெயர் சொல்ல இரண்டே வாய்ப்பு என்று முதலிலேயே விதி போடுங்கள். பாராட்ட வேண்டியது வேறொன்று: "இந்தக் கேள்வியால எட்டுப் படம் போயிடுச்சு பாரு!"

அடுத்த தவறு படங்களைத் தேர்ந்தெடுப்பதில். கடையில் ‘காட்டு விலங்குகள்’ என்று ஒரு கட்டு அட்டை வாங்கி வந்து சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, ஓநாய் என்று பரப்பினால் எதைக் கேட்டாலும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். பிரிக்க வழியில்லாததால் குழந்தை ஊகத்துக்கே திரும்பும். 16 படம் போதும்: பசு, ஆடு, நாய், பூனை, மான், புலி, குரங்கு, வௌவால், கோழி, வாத்து, காகம், ஆந்தை, நல்ல பாம்பு, ஆமை, முதலை, தவளை. "பால் கொடுக்குமா?" என்றால் சரிபாதி, எட்டு. "வீட்டில் வளர்ப்பதா?" என்றால் அந்த எட்டில் நான்கு. "கொம்பு இருக்குமா?" என்றால் இரண்டு. நாலாவது கேள்வியில் விடை. ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் போனால் 15 கேள்வி வரை இழுக்கும். இரண்டு விதமாகவும் ஆடிக் காட்டுங்கள். எண்ணிக்கையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். நான்கு வயதுக்கு ஆறு படம், ஆறு வயதுக்கு எட்டு அல்லது பத்து என்று தொடங்கலாம். படமே இல்லாமல் ஆடுவது எட்டு வயதுக்கு மேல்தான் சரிவரும். சின்னக் குழந்தைக்குக் கழிந்தது எது, மிச்சம் எது என்பதை மனதிலேயே வைத்திருப்பது பெரிய சுமை.

ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு கழிந்த படங்களைக் கவிழ்க்கும்போதுதான் சிந்தனை கண்ணுக்குத் தெரியும். "பறக்குமா?" "பறக்காது." உடனே குழந்தையின் கை ஆட்டையும் பசுவையும் கவிழ்க்கப் போகும். ‘பறக்காது’ என்று பதில் வந்ததால் பறக்காதவற்றை எடுக்க வேண்டும் என்று அது நினைத்துக்கொள்கிறது. இங்கே கையைத் தட்டிவிட்டு நீங்களே காகத்தைக் கவிழ்த்தால் பாடம் போச்சு. "நான் நினைச்சது பறக்காதே, அப்போ அது காக்காவா இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள்.

பதில் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. "அது பறக்காதா?" என்று குழந்தை கேட்கிறது. "ஆமா" என்றால் ‘ஆமா, பறக்காது’ என்றும் எடுக்கலாம், ‘ஆமா, பறக்கும்’ என்றும் எடுக்கலாம். வெறும் ஆமா, இல்லை வேண்டாம். "பறக்கும்", "பறக்காது" என்று வினைச்சொல்லாகவே பதில் சொல்லுங்கள். "பெரிசா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லாதீர்கள். எதைவிடப் பெரிசு என்று திருப்பிக் கேளுங்கள். "ஆட்டைவிடப் பெரிசா?" என்று வந்தால்தான் அது கேள்வி. கோழி பறக்குமா என்பது போன்ற இடங்களுக்கு "கொஞ்சம்" என்று மூன்றாவது பதிலும் இருக்கட்டும்.

தவறான தகவல் ஆட்டத்தையே கவிழ்க்கும். வௌவாலைப் பறவை என்றோ, திமிங்கலத்தை மீன் என்றோ நினைத்துப் பதில் சொன்னால், சரியாக யோசித்த குழந்தைதான் தோற்கும். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிகளுக்கு ஆறு. வெறுமனே ‘பாம்பு’ என்று அட்டை வைப்பதும் ஆபத்து: நல்ல பாம்பு முட்டையிடும், கண்ணாடி விரியன் குட்டி போடும். யானையை வைத்தால் "கோயில்ல வளர்க்கிறாங்களே!" என்று ஒரு குழந்தை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது, அடக்கக் கூடாது. தெரியாத இடத்தில் "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

குறிப்புச் சொல்லி விளையாடும்போது பலரும் முதல் குறிப்பிலேயே "தும்பிக்கை இருக்கும்" என்று போட்டு உடைத்துவிடுகிறார்கள். பரந்த குறிப்பு முதலில், தனி அடையாளம் கடைசியில். பழந்தின்னி வௌவாலுக்கு இப்படி: குட்டி போட்டுப் பால் கொடுக்கும், ராத்திரியில் இரை தேடும், பழம் தின்னும், பறக்கும், தலைகீழாகத் தொங்கும். மூன்றாவது குறிப்பில் ஒரு குழந்தை "மரநாய்" என்றால் அது நல்ல விடை, மரநாய்க்கும் அதுவரை எல்லாம் பொருந்தும். "தப்பு" என்று வெட்டாமல் "அதுவும் இருக்கலாம், இன்னொண்ணு கேளு" என்று சொல்லுங்கள். தமிழில் ஒலிச்சொற்களும் காட்டிக்கொடுத்துவிடும். அகவும் என்றால் மயில், பிளிறும் என்றால் யானை, கனைக்கும் என்றால் குதிரை. அவற்றைக் கடைசிக் குறிப்பாக வையுங்கள்.

எப்போதும் பெரியவரே நினைப்பவராக இருப்பதும் தவறு. பதில் சொல்பவர் ஒரே விலங்கின் உடல், உணவு, இருப்பிடம் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். அதனால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை குழந்தை நினைக்கட்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் நடுவில் விலங்கை மாற்றிவிடும். ஏமாற்றுக்காரன் என்று திட்டாமல், அதே படத்தில் இன்னொரு பிரதி எடுத்து, நினைத்ததை ஒரு தட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.