‘ஹேவ்’ எப்போது, ‘ஹேட்’ எப்போது?

கொடைக்கானலில் கைடு வேலையோ ஹோம்ஸ்டேயோ பார்ப்பவர்களுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் அடிக்கடி வருவார்கள். ஆங்கிலப் பேச்சில் சறுக்கும் இடம் பெரும்பாலும் இந்த ‘ஹேவ்’தான்.

“குறிஞ்சி பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டால், “ஐ ஹேவ் சீன் இட்” சரி. எப்போது என்று சொல்லவில்லை, பார்த்த அனுபவம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 2018 என்று வருடத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ போய்விட வேண்டும்: “ஐ சா இட் இன் 2018”. தமிழில் “நேற்று வந்திருக்கிறார்” என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் “ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே” என்று வந்துவிடும். ஆங்கிலம் அதை ஏற்காது. நேற்று, போன வாரம், 2018 என எந்த முடிந்துபோன காலம் வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது ‘சின்ஸ்’. “2010-லிருந்து இங்கேதான் இருக்கிறேன்” என்பதை “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010” என்பார்கள். கேட்பவருக்குப் புரியும், ஆனாலும் தவறு. “ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010” என்பதே முறை. எத்தனை ஆண்டுகளாக என்று கணக்கைச் சொன்னால் ‘சின்ஸ்’ வேண்டாம், ‘ஃபார் டென் இயர்ஸ்’ போதும்.

‘ஹேட்’ பெரிய விஷயமில்லை. இரண்டு பழைய சம்பவங்களில் முந்தியதற்கு அது: “வென் வீ ரீச்ட் தி பஸ் ஸ்டாண்ட், தி வத்தலக்குண்டு பஸ் ஹேட் லெஃப்ட்”. நாம் போவதற்கு முன்பே பஸ் கிளம்பிவிட்டது. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ இருந்தால் வரிசை தானாகவே தெரியும். அங்கே ‘ஹேட்’ விட்டுப்போனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.