ஹெப்பாரின் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்பெட்டைப் பிடிக்கும் முறை, குழாய்களில் பெயரெழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தாமாகவே கைவந்துவிடும். குருதி உறைதல் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் தேர்ந்த பிறகும் விடாமல் செய்துவரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஹெப்பாரினே தடுக்கிறது என்று எண்ணுவது

ஹெப்பாரின் குருதி உறையாமல் தடுக்கும் மருந்து. ஆனால் உறைதலை நடத்தும் நொதியான த்ராம்பினை நேரடியாகத் தடுப்பது ஆன்டித்ராம்பின் என்னும் புரதம். ஹெப்பாரின் அந்த வினையை ஆயிரம் மடங்குக்கும் மேல் விரைவுபடுத்திவிட்டுக் கழன்று, அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகும் வினையூக்கி மட்டுமே. அதற்குப் பிளாஸ்மாவிலுள்ள ஒரு துணைப்பொருள் தேவை என்பது 1939-இலேயே காட்டப்பட்டது. ஆன்டித்ராம்பின் சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் இல்லாத சோதனையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

எல்லாச் சங்கிலிகளையும் ஒன்றாகக் கருதுவது

சாதாரண ஹெப்பாரின் ஏறத்தாழ 3,000 முதல் 30,000 டால்டன் வரை மூலக்கூறு எடையுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் கலவை. அவற்றில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆன்டித்ராம்பின் இறுகப் பற்றும் ஐந்து சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அந்த ஐந்து மட்டுமே ஆன்டித்ராம்பினின் வடிவத்தை மாற்றி, எக்ஸ்-ஏ காரணி (Xa) என்னும் மற்றோர் உறைதல் நொதியைத் தடுக்கும் வேகத்தைக் கூட்டப் போதும். அந்த ஐந்து சர்க்கரைகளை மட்டும் கொண்ட செயற்கை மருந்தான ஃபோண்டாபரினக்ஸ் இயங்குவது இப்படித்தான். த்ராம்பினுக்கோ குறைந்தது 18 சர்க்கரை அலகுகள் நீளமுள்ள சங்கிலி வேண்டும். எக்ஸ்-ஏ காரணியை மட்டும் அளந்துவிட்டுத் த்ராம்பினைப் பற்றி முடிவெழுத முடியாது.

ஒரே செறிவில் அளப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. த்ராம்பினும் ஆன்டித்ராம்பினும் ஹெப்பாரின் சங்கிலி என்னும் ஒரே கயிற்றைப் பற்றி நகர்ந்தால்தான் சந்திக்கும். கயிறுகள் மிகுந்து ஆளுக்கொன்று கிடைத்துவிட்டால் சந்திப்பே அரிதாகிவிடும். ஆகவே ஹெப்பாரினைக் கூட்டக் கூட்டத் தடுப்பின் வேகம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்குகிறது. நானறிந்த ஆய்வு மாணவர் ஒருவர், மூல ஹெப்பாரினை வழக்கமான குறைந்த செறிவில் அளந்துவிட்டு, தாம் அதிலிருந்து அரும்பாடுபட்டுப் பிரித்த பகுதிகளை (பின்னங்களை) மட்டும், போதாமல் போய்விடக் கூடாதே என்று, பல நூறு மடங்கு கூடுதலாகச் சேர்த்தார். த்ராம்பின் தடுப்பு சரிந்தது. பிரித்தெடுக்கும்போது செயல்திறன் அழிந்துவிட்டதென்று முடிவு செய்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மிஞ்சிய சிறு பின்னத்தைப் பிறகு நீர்த்து அளந்தபோது அது மூலப்பொருளுக்குச் சற்றும் குறையாமல் வேலை செய்தது. இத்தனைக்கும் அவருடைய குறிப்பேட்டிலேயே துப்பு இருந்தது: எக்ஸ்-ஏ காரணியின் தடுப்பு சரியவே இல்லை. கால்சியம் இல்லாத கரைசலில் அது பெரும்பாலும் வடிவ மாற்றத்தாலேயே நடப்பதால், கயிற்றின் மிகுதி அதைப் பாதிக்காது. சங்கிலி உண்மையிலேயே அழிந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே விழுந்திருக்க வேண்டும். நானோமோலாரில் தொடங்கிப் பல மைக்ரோமோலார் வரை பத்துப் பத்து மடங்காக அளந்து, வளைவு முழுவதையும் வரைந்த பிறகே பின்னங்களை ஒப்பிடுங்கள்.

உப்பைக் குறைப்பது

த்ராம்பின் ஹெப்பாரினை மின்னூட்டத்தால் பற்றுகிறது; உப்பு குறைந்தால் அந்தப் பிடி மிகையாக இறுகும். ஆகவே 0.15 மோலார் சோடியம் குளோரைடிலிருந்து இறங்காதீர்கள்.

டெர்மட்டான் சல்பேட்டை எக்ஸ்-ஏ காரணியுடன் சோதிப்பது

வீண். ஹெப்பாரினைப் போன்ற மற்றொரு சர்க்கரைச் சங்கிலியான அது தூண்டுவது ‘ஹெப்பாரின் துணைக்காரணி II’ என்னும் வேறொரு தடுப்புப் புரதத்தை. அந்தத் தடுப்பானின் இலக்கு த்ராம்பின்.

எக்ஸ்-ஏ எண்ணை அப்படியே நம்புவது

நோயாளியின் குருதியிலுள்ள ஹெப்பாரினை எக்ஸ்-ஏ தடுப்பின் வழியே அளக்கும் சில சோதனைப் பெட்டிகளில் ஆன்டித்ராம்பின் வெளியிலிருந்து சேர்க்கப்படுகிறது. நோயாளியின் குருதியில் அப்புரதம் குறைந்திருந்தாலும் எண் சரியாகவே வரும். மருந்தோ உடலுக்குள் அந்த அளவுக்கு வேலை செய்திருக்காது. பெட்டியின் குறிப்புத்தாளைப் படித்த பிறகே எண்ணுக்குப் பொருள் சொல்லுங்கள்.