பதினொரு பக்கத்தை நாலு பக்கமாக்கிய அத்தை

டிவிக்கு நான் எழுதிய முதல் காமெடி ஸ்கிட் ஒரு கல்யாணக் கதை, 11 பக்கம். அவர்கள் கேட்டது 4 நிமிடம். சுமாராக ஒரு பக்கம் ஒரு நிமிடம் ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கம் தாண்டியும் அத்தை சிரிக்கவில்லை. "தாலி கட்டுறதுக்கு எதுக்குல இவ்வளவு நேரம்? மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வா" என்றாள். கோளாறு அங்கேதான் இருந்தது.

பெண் பார்ப்பது, நிச்சயம், முகூர்த்தம் எல்லாவற்றையும் வெட்டினேன். இப்போது முதல் வரியிலேயே இலை போட்டாயிற்று. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தில் சொதிதான் விசேஷம். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைப்பது, கூடவே இஞ்சிப் பச்சடி. வெளியூர் மாப்பிள்ளைக்கோ சாம்பார் வேண்டும். அவ்வளவுதான் கதை. முதலில் தயங்கிக் கேட்கிறான், அப்புறம் பக்கத்து இலைக்காரரிடம் விசாரிக்கிறான், கடைசியில் அடுக்களைக்கே போய்விடுகிறான். ஒவ்வொரு தடவையும் விஷயம் பெரிதாக வேண்டும். அதே அளவில் திரும்ப வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

வரிக்கு வரி "ஏல", "அண்ணாச்சி" என்று தூவியிருந்ததையும் எடுத்துவிட்டேன். மாமனார் பொறுமை இழக்கும் ஒரே இடத்தில் மட்டும் "என்னவே சாம்பாரு?" என்று வைத்தேன். அதுவரை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று உருகியவர் வாயில் அது வந்ததும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.