புரட்டாசியில் கோர்தோபா போகிறவர்களுக்கு

ஸ்பெயினில் ஒரே ஒரு பழைய ஊர் பார்க்க நேரம் உண்டு என்றால் கோர்தோபா போங்கள் என்பேன். ஜூலை, ஆகஸ்டில் அங்கே 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து வெயில் தணிகிறது. விடிகாலைக்கு மட்டும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைரேகை வைக்க நான் மதுரையிலிருந்து சென்னை போனேன். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அப்புறம் மெஸ்கீத்தா, ஒரு காலத்தில் மசூதி, இப்போது கதீட்ரல். திங்கள் முதல் சனி வரை காலை 8:30 முதல் 9:30 வரை இலவசம், கூட்டமும் குறைவு. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த 850-க்கு மேற்பட்ட தூண்களுக்கு நடுவே நின்றதும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் உற்றுப் பாருங்கள். 785-இல் தொடங்கிய பகுதியில் பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்தவை, உயரம் போதாது. அதனால்தான் மேலே இரண்டு அடுக்கு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் என்று மாறி மாறி வரும். போதிகைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தெற்குச் சுவரில் 10ஆம் நூற்றாண்டு மிஹ்ராபின் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) தங்க மொசைக்கைக் காணக் கழுத்து வலிக்க நின்றேன். 1236-இல் தேவாலயமாகி, 16ஆம் நூற்றாண்டில் நடுவே பெரிய கதீட்ரலும் எழுந்தது. அதற்காகத் தூண்களை எடுத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அங்கே மகோகனியில் செதுக்கிய இருக்கைகளைப் பார்க்காமல் வராதீர்கள்.

தினமும் ஆடி வீதியைச் சுற்றும் எனக்கே யூதர் தெருவின் உருளைக்கல் சந்துகளில் முட்டி வலித்தது. செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். மதியம் பல கடைகள் சாத்திவிடும். அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, மாலை ரோமானியப் பாலத்தில் நடக்கலாம்.

சாப்பாட்டில் கவனம். சல்மொரேஹோ என்பது தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த கூழ். மேலே முட்டையும் பன்றி இறைச்சியும் தூவுவார்கள். ஆர்டர் செய்யும்போதே "சின் ஹமோன், சின் உவேவோ" (பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். புரட்டாசி விரதக்காரர்களுக்குக் கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் இருக்கிறது. அவ்வளவு ருசி! இரவுச் சாப்பாடு பல இடங்களில் எட்டரை மணிக்கு மேல்தான், கையில் பிஸ்கட் வைத்திருங்கள்.

இன்னொரு நாள் இருந்தால், ஊருக்கு மேற்கே 8 கிலோமீட்டரில் மெதினா அசாரா என்ற பழைய அரண்மனை நகரத்தின் இடிபாடுகள். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.