கிணத்து ஸ்டார்ட்டர் தெரிந்தவருக்கு ரிலே வயரிங் தெரியும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியே தெரியாது. அதற்காக என் பழைய பிக்கப்பில் இரண்டு ஃபாக் லேம்ப் மாட்டினேன். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், நடுவில் டேஷ்போர்டு ஸ்விட்ச், அப்புறம் நேரே விளக்கு. மூன்றே வாரத்தில் ஸ்விட்ச் உருகிக் கருகல் வாடை அடித்தது. "ஏனுங் தம்பி, கிணத்து மோட்டாரை ஸ்டார்ட்டர் இல்லாம ஓட்டுவீங்களா?" என்று கேட்டார் கழற்றிப் பார்த்த எலெக்ட்ரீஷியன். அந்த ஒரு கேள்வியில் எனக்கு ரிலே புரிந்துவிட்டது.

தோட்டத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் கரண்ட் அந்தப் பொத்தான் வழியாகவா போகிறது? இல்லை. பொத்தான் காயிலை (கரண்ட் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச்சுருள்) எழுப்புகிறது, காயில் காண்டாக்ட்டை 'டொக்'கென்று இழுத்துச் சேர்க்கிறது, கனத்த கரண்ட் அந்தக் காண்டாக்ட்டில்தான் ஓடுகிறது. வண்டி ரிலேயும் அதே வேலையை ஓர் அங்குலப் பெட்டிக்குள் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஸ்டார்ட்டர் கையை எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். ரிலே ஸ்விட்ச்சை அணைத்ததும் விட்டுவிடும்.

முதலில் கணக்கு

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 110 வாட்ஸ். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. இதுதான் என் ஸ்விட்ச்சை உருக்கியது. ரிலே போட்டபின் ஸ்விட்ச் வழியாக ஓடுவது காயில் கரண்ட் மட்டும், கால் ஆம்பியர்கூட வராது.

9 ஆம்பியர்தானே, 10 ஆம்பியர் ரிலே போதாதா என்றால் போதாது. குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ் வாங்குங்கள். ஹோல்டரோடு வாங்கினால் பின்னால் மாற்றுவது சுலபம். எல்இடி விளக்கு இரண்டும் சேர்ந்து 40 வாட்ஸ்தான் என்றால் மூன்று ஆம்பியர் சொச்சம்; நல்ல ஸ்விட்ச்சே தாங்கும், ஆனாலும் நான் ரிலேதான் போடுவேன்.

சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி மாதிரி 24 வோல்ட் வண்டிகளுக்கு 24 வோல்ட் ரிலே. மாற்றிப் போட்டால் 12 வோல்ட் காயில் சூடாகிக் கருகும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

ரிலே போட்டும் விளக்கு மங்கல் என்று புலம்புபவர்களின் ஒயரைப் பாருங்கள். அரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் 3 மீட்டர் போட்டால் 9 ஆம்பியரில் ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். ஹாலஜன் பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். விளக்குக்கு இரண்டரை ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். காயிலுக்கு முக்கால் ஸ்கொயர் தாராளம்.

காலுக்குக் கால் இணைப்பு

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். டிஐஎன் 72552 என்கிற ஜெர்மன் தரத்தில் வந்தவை, அதனால் எந்தக் கம்பெனி ரிலேயிலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். ஆனால் கால்கள் இருக்கும் இடம் மாறலாம். எண்ணைப் படித்துத்தான் மாட்ட வேண்டும், பழைய ரிலே நினைவில் மாட்டக் கூடாது. தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து, ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது தனக்கு அப்புறம் இருக்கும் ஒயரைத்தான். அதற்கு முன்னால் ஒயர் பாடியில் உரசினால் தடுக்க ஆளில்லை, தீதான்.

87: விளக்குகளுக்கு. விளக்கின் மற்ற ஒயரைப் பாடியில் எர்த் செய்யுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) வைத்து, போல்ட்டில் இறுக்க வேண்டும். துருவின் மேல் போட்ட எர்த் எர்த்தே இல்லை.

86: பார்க் லைட் ஒயரிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்ச்சிலிருந்து இங்கே. பார்க் லைட்டை அணைத்தால் ஃபாக் லேம்ப்பும் அணையும். மறந்து இறங்கினாலும் பேட்டரி தீராது.

85: எர்த். ரிலே பெட்டியில் டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) படம் போட்டிருந்தால் 85, 86 இரண்டையும் மாற்றக் கூடாது. டயோடு இல்லாததில் மாறினாலும் கவலையில்லை.

ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரிலே சும்மா இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருக்கும் கால் அது. விளக்கை அதில் கொடுத்தால் ஸ்விட்ச்சை அணைத்ததும் விளக்கு எரியும். சில ரிலேயில் நடுக்காலும் 87 என்றே இருக்கும், அது வேறு.

ஹார்ன் மட்டும் கொஞ்சம் குழப்பும். கோயம்புத்தூர்க்காரர்களான நமக்கு ரூட்ஸ் ஹார்ன் சொந்த ஊர்ச் சரக்கு, ஆசையாக இரண்டு வாங்கி மாட்டுவோம். பல வண்டிகளில் ஹார்ன் பொத்தான் பாசிட்டிவைக் கொடுப்பதில்லை, எர்த்தைக் கொடுக்கிறது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, அப்படியிருந்தால் 86-க்குச் சாவி போட்டதும் வரும் பாசிட்டிவ், 85-க்குப் பொத்தான் ஒயர்.

சோதனை

நெகட்டிவை மாட்டுங்கள், ரிலே ஃபியூஸ் மட்டும் வெளியே இருக்கட்டும். பார்க் லைட்டைப் போட்டு ஸ்விட்ச்சைத் தட்டினால் 'டிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 85, 86 பக்கம் கோளாறு. கேட்டபின் ஃபியூஸைச் செருகுங்கள். 'டிக்' உண்டு, விளக்கு இல்லை என்றால் 30, 87 அல்லது விளக்கு எர்த். எரிந்தால் மல்டிமீட்டரில் பேட்டரியிலும் விளக்கிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

கடைசியாக ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி திருகுங்கள், தண்ணீர் தேங்காது. ஹார்னுக்கும் அதே எண் வரிசையுள்ள ரிலே போட்டிருந்தால், பாதி மலையில் ஃபாக் லேம்ப் நின்றுபோனாலும் ஹார்ன் ரிலேயைக் கழற்றி இங்கே செருகிக்கொண்டு வால்பாறை போய்ச் சேரலாம்.